காலப்பயணி கங்காணியைச் சந்தித்தால்: மலையக மர்மங்களை வைத்துக் காலப்பயணக் கதை எழுத முழுமையான வழிகாட்டி

நுவரெலியாவின் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய பழைய இடுகாட்டில் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் எடுத்த ஆள். 1845 ஜூனில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். கதை அதோடு முடியவில்லை. கல்லறைக் கல்லும் விரிசல் கண்டு கிடக்கிறது, அதையும் மின்னல்தான் பிளந்தது என்று ஊர் சொல்கிறது. யானைகளின் சாபம் என்பது பழைய விளக்கம். எதிர்காலத்திலிருந்து அவரைத் தடுக்க வந்த யாரோ நேரக் கணக்கில் பிழைவிட்டு, ஆள் செத்த பிறகு கல்லறைக்கு மேல் வந்து இறங்கினார் என்பது புது விளக்கம். இரண்டாவது விளக்கத்தை நம்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் வாசகர் ஒரு கணம், 'அட, பொருந்துகிறதே!' என்று சிரித்தால் போதும். இந்த வகைக் கதையின் வேலை அவ்வளவுதான்.

இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாடான மலையகம் இதற்கு வாகான இடம். இருநூறு ஆண்டுத் தோட்ட வரலாற்றில் தோட்டங்களை நடத்திய துரைமார் எழுதிவைத்தது ஏராளம், தொழிலாளரைப் பற்றி எழுதப்பட்டது பெரும்பாலும் செக்றோல் என்ற பேர்ப்பதிவேட்டில் ஒரு பெயரும் ஒரு கூலிக் கணக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் எத்தனை காலப்பயணிகள் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம்.

படி 1: மர்மத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் அது உண்மையிலேயே மர்மம்தானா என்று பாருங்கள். 1815 மார்ச் 2ஆம் திகதிய கண்டி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள சில தலைவர்களின் கையொப்பங்கள் தமிழ் எழுத்தில் உள்ளன என்பது நெடுநாள் பேச்சு. காலப்பயணத் தமிழ் வாத்தியார் ஒருவரை அரண்மனைக்குள் விட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கண்டியின் கடைசி அரச வம்சம் நாயக்கர் வம்சம், அந்த அரசவையில் தமிழ் புழங்கியது. பாதிப் பதில் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பதில் தெரிந்த கேள்விக்கு இயந்திரம் ஓட்டினால் வரலாறு தெரிந்த வாசகர் முதல் பக்கத்திலேயே கொட்டாவி விடுவார்.

இராவணன் பக்கம் போவதற்கு முன்னும் யோசியுங்கள். எல்லவில் குகையும் நீர்வீழ்ச்சியும், சீதாஎலியவில் கோயிலும் இருக்கின்றன. ஆனால் புட்பக விமானத்தைக் கால இயந்திரமாக்குவது எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற யோசனை. அதைவிடப் பெரிய சிக்கல், அதை வரலாறு என்றே நம்பிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். விளையாட்டாகச் சொன்னது நாளைக்கு ஆதாரமாக மேற்கோள் காட்டப்படும். சிவனொளிபாத மலையின் பாதச்சுவடும் அப்படித்தான். நான்கு மதத்தார் தம்முடையது என்று கும்பிடும் சுவட்டைக் காலப்பயணியின் சப்பாத்துத் தடம் என்று எழுதினால் சிரிப்பவர்களை விடப் புண்படுபவர்கள்தான் அதிகம். அந்த மலையில் ஆசை இருந்தால், 1344இல் ஏறிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா பக்கம் போங்கள். பாறையில் ஏறப் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சங்கிலிகளைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அவருக்கு முன்னால் அந்தச் சங்கிலியைப் பிடித்து ஏறியவர் யார் என்ற கேள்வி யார் மனத்தையும் நோகடிக்காது.

நல்ல மர்மத்துக்கு என் அளவுகோல் இது: இரண்டு உறுதியான பதிவுகள் இருக்க வேண்டும், நடுவில் ஒரு ஓட்டை இருக்க வேண்டும். கோப்பி நோய் அப்படிப்பட்டது. தெமோதரைத் தலைப்பாகையும் அப்படிப்பட்டதே. இரண்டையும் கீழே விரித்துச் சொல்கிறேன்.

படி 2: தெரிந்ததை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்

கோப்பி நோயையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஜேம்ஸ் டெயிலர் என்ற தோட்டத்துரை 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தார். 1867இல் அவருடைய பொறுப்பிலிருந்த லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நடப்பட்டது. கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாகப் படரும் துரு நோய் 1869இல் இலங்கையில் கண்ணில் பட்டது. அதே ஆண்டு அந்தப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து அது பரவும் விதத்தை ஆராய்ந்தார். மருந்து மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோப்பித் தொழில் படுத்துவிட்டது.

இப்போது ஓட்டைகளைத் தேடுங்கள். கோப்பியின் தாயகம் ஆப்பிரிக்கா. பூஞ்சணத்தின் சொந்த இடமும் அதுதான் என்கிறார்கள். அது கடல் தாண்டி இந்த மலைக்கு எப்படி வந்தது? இது முதல் ஓட்டை. நோய் தெரியவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மாற்றுப் பயிர் நடப்பட்டது எப்படி? வரலாற்றுக்காரருக்கு இது ஓட்டையே அல்ல. அப்போது கொயினா மருந்து தரும் சிங்கோனா உட்படப் பல பயிர்களைப் பரீட்சித்துப் பார்த்தார்கள், தேயிலையும் அதில் ஒன்று. ஆனால் கதைக்காரரின் கண்ணுக்கு அந்த இரண்டு ஆண்டு மினுக்கும்.

தகவல் தேட நூலகம் மட்டும் போதாது. பழைய கல்லறைக் கல்வெட்டுகள், ரயில் நிலையப் பலகைகள், ஹந்தானை தேயிலை நூதனசாலை, கம்பளைப் பக்கம் தொழிலாளரின் வரிசை வீடான பழைய லயத்திலேயே அமைந்திருக்கும் தொழிலாளர் அருங்காட்சியகம் எல்லாம் பார்க்க வேண்டியவை. வீட்டுக் கிழவிகளின் தாலாட்டும் ஒப்பாரியும் அதைவிட முக்கியம். துரைமார் எழுதாத ஊர்ப்பெயர்களும் பயண வழிகளும் அவற்றில்தான் கிடக்கின்றன.

படி 3: இயந்திரத்துக்கு ஒரு விதி, ஒன்றே ஒன்று

காலப்பயணக் கதையில் இரண்டு வழி உண்டு. போனவர் பழையதை மாற்றிவிடுவது ஒன்று. போனவர் செய்ததும் சேர்ந்துதான் பழையது நடந்தது என்பது மற்றொன்று. மர்மத்தை விளக்கும் கதைக்கு இரண்டாவதுதான் சரி, ஏனென்றால் நமக்குத் தெரிந்த வரலாறு அப்படியே மிச்சம் இருக்க வேண்டும். தெமோதரைக்கு ரயிலில் போயிருப்பீர்கள். நிலையத்தை விட்டுக் கிளம்பும் ரயில் மலையை வளைத்து இறங்கி, சற்றுமுன் தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். உங்கள் கதையும் அப்படித்தான் ஓட வேண்டும். எதைத் தேடிக் கிளம்பினாரோ அதற்கு அடியில் காரணமாகத் தானே இருப்பதைப் பயணி கடைசியில் காண வேண்டும்.

பயணி எப்படிப் போகிறார் என்பதற்கு வெளிநாட்டு இயந்திரம் எதுவும் வேண்டாம். மின்வெட்டுக் காலத்தில், 1996 மே 25ஆம் திகதி நள்ளிரவு, இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளப்பட்டன. அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மிச்ச அரை 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. அந்தப் பத்து ஆண்டும், நல்ல நேரம் சொன்னால்கூட "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாடே ஒரு மணித்தியாலத்தை விழுங்கி, இரண்டு தவணையில் கக்கியிருக்கிறது! இதைவிட அருமையான கால இயந்திரத்தை யார் கண்டுபிடிக்க முடியும்?

இதிலிருந்து விதி தானாகப் பிறக்கும். அந்த நள்ளிரவில் விழித்திருந்தவர் காணாமற்போன மணித்தியாலத்துக்குள் விழலாம். இடம் மாறாது, காலம்தான் மாறும். பழங்காலத்தில் அவருக்கு ஒரு மணித்தியாலம்தான். திரும்பும்போது ஆள் 1996 ஒக்டோபரில் வந்து சேருவார், அங்கே விட்டுவிட்டு வந்த பொருள் 2006 ஏப்ரலில் வந்து சேரும். பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கப்பாதையும் வாசலுக்குப் பொருத்தமானதுதான், ஒரு பக்கம் பனிமூட்டமும் மறுபக்கம் வெயிலுமாக அது ஏற்கெனவே பாதி மாயம். எதை எடுத்தாலும் ஒன்றை எடுங்கள். இரண்டு வாசல் வைத்தால் கதையில் பாதி, வாசலை விளக்குவதிலேயே போய்விடும்.

படி 4: யாரை அனுப்புவது

இந்தப் படியில்தான் நான் பார்த்த கதைகளில் பாதி கெட்டுப்போகின்றன.

எல்லப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி எழுத ஆரம்பிக்கிறார் ஒருவர். முதல் உலகப் போருக்கு இரும்பு போய்விட்டதால் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாகக் கட்டினார்கள் என்ற கதை அவருக்குத் தெரியும். உடனே கொழும்பிலிருந்து மடிக்கணினியோடு ஓர் எஞ்சினியர் போய் இறங்கி வரைபடத்தைக் கொடுக்கிறார், எல்லாரும் வாயைப் பிளக்கிறார்கள். கதை முடிந்தது. கட்டியவர்களின் கையும் மூளையும் எங்கே போயின? ஏற்கெனவே பதிவேட்டில் பெயர் இல்லாத ஒரு கூட்டத்திடமிருந்து அவர்களுடைய வேலையையும் பிடுங்கி எதிர்காலத்துக்காரனுக்குக் கொடுப்பது விளையாட்டாக இருந்தாலும் களவுதான்.

அதனால் என் விதி: விநோதம் எதுவோ அது காலப்பயணியால் நடக்கட்டும், வேலையைச் செய்தவர்கள் அவர்களே செய்யட்டும்.

தெமோதரையை வைத்துச் சொன்னால் விளங்கும். ரயில் பாதை 44 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது அன்றைய ரயில்வே விதி. தெமோதரைச் சரிவு அதைவிடச் செங்குத்து. என்ன செய்வது என்று எஞ்சினியர் விழித்துக்கொண்டிருந்தபோது, வேலையாட்களை மேய்க்கும் ஒரு கங்காணியின் தலைப்பாகை அவிழ்ந்தது, அவர் அதைச் சுற்றிக் கட்டினார், அதைப் பார்த்து வளையப் பாதை யோசனை பிறந்தது என்பது நமது பக்கத்துக் கதை. வறட்டுத்தனமாகப் பார்த்தால், 1882இலேயே சுவிட்சர்லாந்தின் கொத்தார்ட் மலைப் பாதையில் இப்படிப்பட்ட சுருள்கள் வந்துவிட்டன. எஞ்சினியருக்குத் தலைப்பாகை தேவைப்பட்டிருக்காது. அப்படியானால் தலைப்பாகை ஏன் கதைக்குள் வந்தது? எனக்குப் பிடித்த மர்மம் அதுதான். உங்கள் பயணி செய்ய வேண்டியது மிகச் சிறியது: மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று தும்முகிறார், கங்காணி திடுக்கிட்டுத் திரும்புகிறார், தலைப்பாகை சரிகிறது. சுற்றியது கங்காணி. யோசித்தது கங்காணியா எஞ்சினியரா என்று அவர்கள் இருவரும் சண்டை பிடிக்கட்டும். பயணி ஊர் திரும்பி, தன் தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது 'ஒரு தும்மல் சத்தம் கேட்டுச்சாம்' என்று முடிப்பதைக் கேட்கிறார். தும்மலுக்கு மேல் எதையும் அவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த இடத்தில் அந்த நேரத்தில் இருக்கக் காரணம் உள்ளவரைத் தேடுங்கள். 1996இன் அந்த நள்ளிரவில் தோட்டத்தில் யார் விழித்திருப்பார்? தேயிலை ஸ்டோர் வாட்ச்சர், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக் காவலாளி. அதோடு அவருக்கு ஒரு நியாயமான கேள்வியும் இருக்கும்: காணாமற்போன மணித்தியாலத்துக்குச் சம்பளம் உண்டா?

படி 5: ஒரு காட்சியை முழுதாக எழுதிப் பாருங்கள்

வாட்ச்சர் இளைஞர், லூல்கந்துரக்காரர். 1869இல் கோப்பி அழியும், பசி வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் எச்சரித்துவிட வேண்டும் என்று லயத்துக்குப் பின்னால் உள்ள கோப்பிச் செடிகளுக்குள் புகுந்து ஓடுகிறார், ஓடும்போதே காலம் வழுக்குகிறது. எதிரே ஒரு கங்காணி.

"கங்காணியய்யா, தொரைகிட்டச் சொல்லுங்க. கோப்பி போகப் போகுது, தேயில நடச் சொல்லுங்க."

"எங்கிட்டு இருந்து வாரே தம்பி? அந்தா பாரு. ரெண்டு வருசமா நாங்கதானே அதுக்கு மண்ணு அணைக்கிறோம். தேயில இல்லாம அது என்னா, கீரையா?"

"அப்ப... தெரியுமா உங்களுக்கு?"

"நீ வந்து சொல்லித்தான் தெரியணுமா? சரி, சட்டையில என்னா மஞ்சப் பொடி? கோயிலுக்குப் போயிட்டு வாரியா?"

கங்காணி அக்கறையோடு அவர் தோளைத் தட்டிவிடுகிறார். பிறகு அதே கையால், பேச்சுவாக்கில், பக்கத்துக் கோப்பி இலை ஒன்றைப் புரட்டிப் பார்க்கிறார். இலையில் பனி ஈரம்.

இவ்வளவுதான் காட்சி. துரு நோயின் வித்துகள் முளைக்க இலையில் ஈரம் வேண்டும் என்பது உண்மை, அதனால் அந்தப் பனி அலங்காரத்துக்கு வைத்ததல்ல. காப்பாற்றப் போனவரே நோயைக் கொண்டுபோனார். 1996இன் செடியில் இருந்த நோய் 1869இலிருந்து வந்தது, 1869க்கு அது 1996இலிருந்து வந்தது. வளையம் மூடிக்கொண்டது. 'அப்படியானால் ஆப்பிரிக்காவில் இருந்த பூஞ்சணம்?' என்று ஒரு கெட்டிக்காரர் கேட்பார். அது அங்கேயே இருக்கட்டும். கடலை எப்படித் தாண்டியது என்பதுதான் நமது ஓட்டை, அதை மட்டும் அடைத்தால் போதும்.

காட்சியில் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். தேயிலையை முன்கூட்டியே சொன்ன பெருமை வாட்ச்சருக்குக் கிடைக்கவில்லை, அங்கே வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. டெயிலரையும் நான் பேச வைக்கவில்லை. உண்மையில் வாழ்ந்தவர் வாயில் வசனம் வைப்பதைவிட, அவரைப் பங்களாத் திண்ணையில் இலை கசக்கிக்கொண்டிருக்கும் தூரத்து உருவமாக விடுவது நல்லது. ஆரம்பத்தில் அங்கேதான் கையால் இலை கசக்கினார்கள், மண் அடுப்பில் கரி போட்டு வறுத்தார்கள்.

படி 6: காலப் பிழை பாருங்கள்

1850இல் நடக்கும் கதையில் மலை முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்களை வைக்காதீர்கள். அது கோப்பிக் காலம், பழம் பறிப்பார்கள். லயத்தில் பிளேன்டீயும் கிடையாது. ரயில் கண்டிக்கு வந்தது 1867இல், நானுஓயாவுக்கு 1885இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கு 1924இல். அதற்கு முன் வந்தவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். 1872க்கு முன் நடக்கும் கதையில் ரூபாய் சதக் கணக்கு எழுதினால் பிழை. கங்காணிக்குத் தரவேண்டிய கடனை எழுதிய 'துண்டு' சீட்டு 1921இல் ஒழிக்கப்பட்டது, 1930இல் ஒருவர் துண்டுக்குப் பயந்து ஓடக்கூடாது. காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிப்பார்கள், சங்கு ஊதுவதெல்லாம் காலம் பார்த்துப் போடுங்கள்.

பேச்சில் மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டலாம். 1869இன் கங்காணி எப்படிப் பேசினார் என்று ஒலிப்பதிவு இல்லை. இன்றைய தோட்டத் தமிழே போதும், ஆனால் அதில் கைப்பேசிக் காலத்துச் சொற்கள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துரைமார் தமிழ் பேசுவார்கள், வேலை வாங்க அவர்கள் அதைக் கற்க வேண்டியிருந்தது. மரியாதைச் சொல் இல்லாமல் எல்லாரையும் 'வா, போ' என்று அதட்டும் தமிழ் அது.

படி 7: சிரிப்பு எங்கே நிற்க வேண்டும்

1864இல் ஆட்களை ஏற்றிவந்த கப்பல் கடலில் மூழ்கியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுடப்பட்டார். இவற்றை மர்மமாக்கக் கூடாது, காலப்பயணி காரணம் என்று சொல்லவே கூடாது. காரணம் யாரென்று தெரிந்த சாவுக்கு இன்னொரு காரணம் கண்டுபிடிப்பது குற்றவாளியை விடுதலை செய்வதாகும்.

குடியுரிமை விஷயம் வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் ஒரு சமூகத்தையே நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசுகள் பங்கு பிரித்தன. இதில் சிரிப்பு உண்டு, கசப்பான சிரிப்பு, ஆனால் அது அலுவலக மேசைக்கு எதிராகத் திரும்ப வேண்டும். இன்றைய தேசிய அடையாள அட்டையோடு ஒரு லயத்துப் பையன் 1950இல் ஒரு கந்தோர் வரிசையில் போய் நிற்கிறான் என்று வையுங்கள். அவன் கையில் இருப்பது இன்னும் பிறக்காத அட்டை, அவனுக்கு முன்னால் நிற்கும் தாத்தாவின் கையில் எதுவுமே இல்லை. கிளாக்கர் யாரை நம்பமாட்டார்? இருவரையும். இதில் மர்மத்தை விளக்கும் வேலை குறைவுதான், ஆனால் நான் ஒரு தொகுப்புக்குக் கதை தேர்ந்தெடுத்தால் இதைத்தான் முதலில் எடுப்பேன்.

படி 8: முடிவும் அதற்குப் பிறகான குறிப்பும்

கடைசிப் பக்கத்தில் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வரலாற்று விவரத்தை மட்டும் புதுக் கண்ணோடு திரும்பக் காட்டுங்கள். வாட்ச்சர் கதையை, 2006 ஏப்ரலில் லயத்து வாசலில் ஒரு மஞ்சள் கறைச் சட்டை வந்து விழுவதோடு முடிக்கலாம். அல்லது தோட்டக் கந்தோரில் அவர் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, கேட்டு மனுப்போடுவதோடு முடிக்கலாம். எனக்கு மனுதான் பிடிக்கும்.

அதன் கீழே நான்கு வரியில் ஒரு குறிப்புப் போடுங்கள். எது பதிவில் உள்ளது, எது உங்கள் கற்பனை என்று பிரித்துச் சொல்லுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுப் பரீட்சையில் எழுதுவார்கள், ஆகவே கூச்சப்பட வேண்டாம். 1867 நடுகையும் 1869 நோயும் 1996 நேர மாற்றமும் பதிவில் உள்ளவை. வாட்ச்சரும் அவருடைய சட்டையும் கற்பனை. தெமோதரை மாதிரிக் கதையென்றால் 'ஊர்ப் பேச்சு' என்று மூன்றாவதாக ஒரு வரி சேர்க்க வேண்டும். தலைப்பாகை அந்த வரியில் போகும், தும்மல் கற்பனை வரியில்.